4294967297: பெரியோர் சொல்லும் பெருக்கல் கணக்கும்

(சொற்பொழிவின் எழுத்துருவம்)



இவ்வுரை அரசரைப் பற்றியதன்று, போரைப் பற்றியதன்று, ஒரே ஓர் எண்ணைப் பற்றியது. நானூற்று இருபத்தொன்பது கோடியே நாற்பத்தொன்பது இலக்கத்து அறுபத்தேழாயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றேழு என்பது அவ்வெண். எண்ணுருவில் எழுதின் 4294967297.

ஓர் எண்ணைப் பற்றி இவ்வளவு பேசுதற்கு என்ன உளது என அவையோருள் சிலர் நினைக்கலாம். உண்டு. மாந்தன் அறிவு எங்ஙனம் தவறுகிறது, தவறிய அறிவு எங்ஙனம் திருந்துகிறது என்னும் இரண்டையும் இவ்வெண் தன்னுள் அடக்கி வைத்திருக்கிறது. ஐரோப்பாவின் பேரறிஞர் ஒருவர் இவ்வெண்ணைப் பற்றி ஒன்று கூறினார். அக்கூற்று 1640 முதல் 1732 வரை, தொண்ணூற்றிரண்டு ஆண்டுகள், வீழாது நின்றது. ஆனால் அது பிழை. அதனை வீழ்த்தியது அதனினும் பெரிய ஒருவரின் அதிகாரமன்று, பெரும்பான்மையோர் கருத்தன்று, பள்ளி மாணவனும் செய்யத்தக்க ஒரு பெருக்கல் கணக்கு!

பகுவதும் பகாததும்

இலக்கண நூலார் பகுபதம், பகாப்பதம் என்று பிரித்துக் கூறுவதை அவையோர் அறிவர். அவற்றைப் பகுசொல், பகாச்சொல் எனலாம். 'உழவன்' என்பது பகுசொல். 'உழவு' என்றும் 'அன்' என்றும் பிரித்துப் பொருள் காண இயலும். 'நிலம்' என்பது பகாச்சொல்; பிரித்தால் பொருள் நில்லாது.

எண்ணுலகிலும் இப்பாகுபாடு உண்டு. 15 என்பது 3-உம் 5-உம் பெருக்கியது. ஆகலின் பகு எண். 17-ஐ ஒன்றாலும் தன்னாலும் அன்றி வேறெவ்வெண்ணாலும் மீதியின்றி வகுத்தல் இயலாது. ஆகலின் பகா எண். மீதியின்றி வகுக்கும் எண்ணை வகுத்தி என்க. ஒன்றுக்கு மேற்பட்ட எண் எதுவாயினும், ஒன்று அது பகா எண்ணாக இருக்கும். அன்றேல் பகா எண்கள் பலவற்றின் பெருக்கமாக இருக்கும். சுவர்க்குச் செங்கல் எவ்வாறோ, எண்ணுக்குப் பகா எண் அவ்வாறு.

எண் சிறிதாயின் அது பகுமா பகாதா என்பதைக் கண்ட அளவிலேயே கூறலாம். எண் பெருகப் பெருக அது கடினமாகிறது. 4294967297 பகு எண்ணா, பகா எண்ணா? இதுவே வழக்கு.

பெர்மாவின் கூற்று

பிரான்சு நாட்டுத் துலூசு நகரின் முறைமன்றத்தில் நடுவர் பொறுப்பில் இருந்தவர் பியேர் தெ பெர்மா. கணக்கு அவர்க்குத் தொழிலன்று; ஓய்வு வேளையின் இன்பம். ஆயினும் எண்களின் இயல்பை ஆயும் துறையில் அவர் காலத்து ஐரோப்பாவில் அவர்க்கு நிகராக நின்றவர் இலர். 1640-ஆம் ஆண்டு, பிரெனிக்கிள் என்னும் அறிஞர்க்கு எழுதிய மடலில் அவர் ஓர் எண்வரிசையைக் குறித்தார். 2-இல் தொடங்கி, ஒவ்வொரு முறையும் எண்ணை அதே எண்ணாற் பெருக்கி, வந்ததோடு ஒன்று கூட்டுக:

2 + 1 = 3
4 + 1 = 5
16 + 1 = 17
256 + 1 = 257
65536 + 1 = 65537
4294967296 + 1 = 4294967297

இங்ஙனம் எத்துணைத் தொலைவு சென்றாலும் கிடைப்பன எல்லாம் பகா எண்களே என்பது பெர்மாவின் கருத்து. 3, 5, 17, 257, 65537 ஆகிய ஐந்தும் பகா எண்களே, அதில் ஐயமில்லை. ஐந்து சான்றுகள் ஒருமுகமாக நிற்கின்றன. ஆறாவதும் அவ்வழியே செல்லும் என்று அவர் நம்பினார்.

பெர்மாவைப் பழித்தல் இவ்வுரையின் நோக்கமன்று. முழுமையான மெய்ப்பிப்புத் தம்மிடம் இல்லை என்பதை அவர் மறைக்கவில்லை, 1640-இலும் ஒப்புக்கொண்டார், 1654-இல் பாசுக்கலுக்கு எழுதிய மடலிலும் ஒப்புக்கொண்டார். ஆனால் நம்பிக்கையைக் கைவிடவும் இல்லை. அறிஞரின் நேர்மையும் அறிஞரின் பிழையும் ஒரே மடலில் அருகருகே அமர்ந்திருந்தன. படித்தோர் எதனைப் பற்றிக்கொண்டனர்? 'மெய்ப்பிப்பு இல்லை' என்னும் நேர்மையை அன்று. 'பெர்மா சொன்னார்' என்னும் பெயரையே.

இருபத்தைந்து அகவை இளைஞர்

1729-ஆம் ஆண்டு திசம்பர் முதல் நாள், கோல்டுபாக்கு என்னும் அறிஞர், உருசியாவின் பீட்டர்சுபர்க்கு அறிவியற் கழகத்திலிருந்த லியோன்கார்டு ஆய்லர்க்கு ஒரு மடல் எழுதினார். அதன் இறுதியில், பெர்மாவின் இவ்வெண்வரிசை பற்றி அறிவீரோ என்று வினவி, மெய்ப்பித்தவர் எவரும் இலர் என்றும் குறித்தார். ஆய்லர் சுவிட்சர்லாந்தின் பேசல் நகரில் 1707-இல் பிறந்தவர். முதலில் இவ்வினாவில் அவர்க்கு ஆர்வம் எழவில்லை. கோல்டுபாக்கு விடவில்லை, மீண்டும் கேட்டார். வினா வேர்கொண்டது.

1732-இல், தம் இருபத்தைந்தாம் அகவையில், ஆய்லர் அக்கழகத்தின் முன் விடையை வைத்தார். 4294967297 பகா எண் அன்று; அதனை 641 மீதியின்றி வகுக்கும்!

அவையோர் எழுதுகோல் எடுத்துத் தாமே பார்க்க:

6700417 × 600 = 4020250200
6700417 × 40 = 268016680
6700417 × 1 = 6700417
மூன்றையும் கூட்ட = 4294967297

நான்கு வரிகளில் வழக்கு முடிந்தது! தொண்ணூற்றிரண்டு ஆண்டு நம்பிக்கை நான்கு வரிகளின் முன் நிற்க இயலவில்லை. வகுத்திகளாகிய 641, 6700417 ஆகிய இரண்டும் பகா எண்கள்; ஆகலின் இதற்கு மேல் பகுப்பும் இல்லை.

கருவி எவருடையது?

641-ஐ ஆய்லர் எங்ஙனம் கண்டார்? குருட்டுத்தனமாகத் தேடுவோர், 65536-க்கு உட்பட்ட பகா எண்கள் 6542-ஐயும் ஒவ்வொன்றாக வைத்து வகுத்துப் பார்க்கக் கடவர். ஆய்லர் அங்ஙனம் செய்யவில்லை. வகுத்தி எத்தகைய உருவில் இருத்தல் வேண்டும் என்று முதலில் ஆய்ந்தார்.

அவ்வாய்வுக்குரிய கருவி பெர்மாவுடையதே! அதுவும் அதே 1640-இல் அவரே அறிவித்த உண்மை. ஒற்றைப்படையான பகா எண் ஒன்றைக் கொள்க. ஒன்றில் தொடங்கி இரட்டித்துக்கொண்டே சென்று, அப்பகா எண்ணால் வகுத்து, எஞ்சுவதை மட்டும் நோக்குக. 7-ஐக் கொண்டால் எஞ்சுவன 2, 4, 1. மீண்டும் 2, 4, 1. மூன்று அடிக்கு ஒருமுறை 1 திரும்ப வருகிறது. இச்சுழலின் நீளம் 3. அது 7-க்கு ஒன்று குறைந்த 6-ஐ மீதியின்றி வகுக்கிறது. எப்பகா எண்ணைக் கொண்டாலும் சுழலின் நீளம் அப்பகா எண்ணுக்கு ஒன்று குறைந்த எண்ணை மீதியின்றி வகுக்கும் என்பதே பெர்மா கண்ட உண்மை.

இனி 4294967297-ஐ ஒரு பகா எண் வகுக்கிறது என்று கொள்க. 4294967296 என்பது 2-ஐ முப்பத்திரண்டு முறை பெருக்கியது. ஆகலின் முப்பத்திரண்டாம் அடியில் எஞ்சுவது அப்பகா எண்ணுக்கு ஒன்று குறைந்தது. அறுபத்து நான்காம் அடியில் எஞ்சுவது 1. அறுபத்து நான்கில் முடியும் சுழல், முப்பத்திரண்டில் முடியவில்லை. அதில் முடியாதது அதன் கூறுகளாகிய பதினாறிலும் எட்டிலும் முடிந்திராது. எனவே சுழலின் நீளம் 64. பெர்மாவின் உண்மைப்படி, வகுத்தியினின்று ஒன்று கழித்தால் அது 64-ஆல் மீதியின்றி வகுபடல் வேண்டும்.

அவ்வாறு அமையும் எண்கள் 65, 129, 193, 257, 321, 385, 449, 513, 577, 641 எனச் செல்லும். இவற்றுள் பகு எண்களை நீக்கினால் எஞ்சுவன 193, 257, 449, 577, 641. ஐந்தே எண்கள்! 4294967297-ஐ இவற்றால் வகுத்தால் முறையே 109, 2, 325, 288 என மீதி வருகிறது. ஐந்தாவதாகிய 641-ஆல் வகுக்க, மீதி இல்லை.

இதனினும் வேதனைக்குரிய செய்தி யாது? பெர்மாவின் கருவியும் வேண்டா. ஆய்லரின் கூர்மையும் வேண்டா. 2, 3, 5, 7 என்று பகா எண்களை வரிசையாக எடுத்துப் பொறுமையுடன் வகுத்துச் சென்றிருந்தாலும், 641 நூற்றுப் பதினாறாவதாக வந்து நிற்கும். நூற்றுப் பதினாறு வகுத்தல்கள்! ஒரு சில நாள் உழைப்பு. தொண்ணூற்றிரண்டு ஆண்டுகள் அவ்வுழைப்பு முடிக்கப்படவில்லை.

641-இன் அழகு

ஆய்லரின் வழியேயன்றி, பெருக்காமலும் வகுக்காமலும் காணத்தக்க வழியும் உண்டு. 641 என்பது 640-உம் 1-உம் கூட்டியது. அதுவே 625-உம் 16-உம் கூட்டியதும் ஆகும். இவ்விரு முகங்களே அதன் வலிமை.

640-ஐ நான்கு முறை வைத்துப் பெருக்கினால் 167772160000. அதில் ஒன்று கழித்த 167772159999-ஐ 641 மீதியின்றி வகுக்கும். ஓர் எண்ணின் நான்காம் அடுக்கில் ஒன்று குறைந்தது, அவ்வெண்ணுக்கு ஒன்று மிகுந்ததால் வகுபடும் என்பது பொது நெறி. இனி 268435456 என்னும் எண்ணைக் கொள்க. அது 2-ஐ இருபத்தெட்டு முறை பெருக்கியது. அதனை 625-ஆல் பெருக்கினால் அதே 167772160000. 16-ஆல் பெருக்கினால் 4294967296. இரண்டையும் கூட்டினால் 641 மடங்கு. ஆகலின் அக்கூட்டுத்தொகையும் 641-ஆல் வகுபடும். இப்பெருந்தொகையினின்று முன்னதாகிய 167772159999-ஐக் கழிக்க, எஞ்சுவது 4294967297. வகுபடும் இரண்டின் வேறுபாடும் வகுபட்டே தீரும்.

பொய்ச்சான்று

ஓர் எண் பகா எண்தானா என்று உரசிப் பார்க்கும் முறை ஒன்று பெர்மாவின் உண்மையிலிருந்தே பிறக்கிறது. எண்ணுக்கு ஒன்று குறைந்த அளவு முறை 2-ஐப் பெருக்கி, அவ்வெண்ணால் வகுத்தால் 1 எஞ்சுகிறதா என்று பார்ப்பது அம்முறை. எஞ்சவில்லையெனின் அது பகு எண் என்பது உறுதி. 4294967297-ஐ இவ்வுரைகல்லில் தேய்த்தால் என்னாகும்? சுழலின் நீளம் 64. 4294967296-ஐ 64 மீதியின்றி வகுக்கும். ஆகலின் 1 எஞ்சுகிறது. பகு எண்ணாகிய இது பகா எண் போல வேடமிட்டுத் தேறிவிடுகிறது! 2-க்கு மாறாக 3-ஐ வைத்து உரசினாலோ வேடம் கலைகிறது. இவ்வரிசை எண்களைத் தவறாது பிரித்தறியும் முறையைப் பெப்பேன் என்னும் பிரான்சு அறிஞர் 1877-இல் வகுத்தார்.

சான்று ஒன்று சார்பாக நின்றமையால் வழக்கு வென்றதாகாது. எச்சான்று எதனை மெய்ப்பிக்கவல்லது என்று அறிதல் வேண்டும்.

பிழையின் விலை

ஓர் எண் பகுந்தால் என்ன, பகாவிட்டால் என்ன என்று கேட்போர் உண்டு. அவர்க்கு விடை, வரைகோலும் கவராயமும் கூறும்.

1796-இல் செருமனியின் கவுசு என்னும் பதினெட்டு அகவை இளைஞர், வரைகோல், கவராயம் ஆகிய இரண்டை மட்டும் கொண்டு பதினேழு நிகர்பக்கங்கள் உடைய ஒழுங்குருவை வரைய இயலும் என்று மெய்ப்பித்தார். ஈராயிரம் ஆண்டுகளாக எவரும் காணாத உண்மை அது. ஒற்றைப்படைப் பக்க எண்ணுடைய ஒழுங்குரு வரையப்படவேண்டுமாயின், அவ்வெண் பெர்மா வரிசையின் ஒரு பகா எண்ணாகவோ, அவ்வரிசையின் வெவ்வேறு பகா எண்களின் பெருக்கமாகவோ இருத்தல் வேண்டும். பிறவற்றை வரைய இயலாது என்பதை 1837-இல் வான்செல் மெய்ப்பித்தார். எர்மெசு என்பவர் 65537 பக்க உருவின் வரைமுறைக்குப் பத்தாண்டு உழைத்தார். 1894-இல் முடிவுற்ற அவ்வுழைப்பின் கையெழுத்துப்படி கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் காக்கப்படுகிறது.

அறியப்பட்ட பகா எண்கள் ஐந்தையும் பெருக்குக: 3 × 5 × 17 × 257 × 65537 = 4294967295. வரையத்தக்கது என இன்றுவரை அறியப்பட்ட ஒற்றைப்படை உருக்களுள் மிகப்பெரியதன் பக்க எண் இதுவே. இதனினும் இரண்டே மிகுந்தது 4294967297. பெர்மாவின் கூற்று மெய்யாகியிருப்பின் இவ்வுருவும் வரையத்தக்கதாகியிருக்கும். 641 அதனை வகுப்பதால் அஃது என்றும் வரைய இயலாதது. ஒரு பிழையை உண்மையென ஏற்றிருந்தால், அதன்மேற் கட்டிய கட்டடம் அனைத்தும் சரிந்திருக்கும். எண்ணில் பிழைத்தால் உருவிலும் பிழை!

அடுத்த எண்கள்

அமெரிக்காவில் 1804-இல் பிறந்த செரா கோல்பர்ன் என்னும் சிறுவன், எட்டு அகவையில் இலண்டனில் அவையோர் முன் 4294967297-ஐ மனக்கணக்காகவே 641, 6700417 எனப் பகுத்துக் கூறினான் என்பது பதிவு. வியத்தற்குரியதே. ஆனால் வியப்பும் மெய்ப்பிப்பாகாது. சிறுவன் கூறினும், ஆய்லர் கூறினும், இறுதியில் ஏற்கத்தக்கது பெருக்கல் கணக்கே.

வரிசையின் அடுத்த எண் 18446744073709551617. அதுவும் பகு எண். 274177 × 67280421310721. கிளாசென் 1855-இல் இதனைக் கண்டார். அதனை அறியாமலே இலாந்திரி என்பவர் 1880-இல், தம் எண்பத்திரண்டாம் அகவையில், கண்டார். அதற்கடுத்தது முப்பத்தொன்பது எண்குறிகளால் ஆயது. பகு எண் என 1905-இலேயே அறியப்பட்டும், அதன் வகுத்திகள் 1970-இல் கணிப்பொறியின் துணையாற்றான் கிடைத்தன. 4294967297 முதலாகத் தொடர்ந்து இருபத்தெட்டு எண்கள் பகு எண்களே என இன்று அறியப்பட்டுள்ளது. 'அனைத்தும் பகா எண்' என்று பெர்மா கருதிய வரிசையில், அவர் கண்ட ஐந்துக்குப் பிறகு ஆறாவது ஒரு பகா எண் இன்றுவரை கிடைக்கவில்லை!

அங்ஙனமாயின், 'ஐந்தோடு முடிந்தது. இனிப் பகா எண் இவ்வரிசையில் இல்லை' என்று கூறிவிடலாமா?

அவையீர், இங்கேதான் விழிப்பு வேண்டும். ஐந்து சான்றுகளைக் கண்டு 'எல்லாம் பகா எண்' என்றது ஒரு பிழை. இருபத்தெட்டுச் சான்றுகளைக் கண்டு 'இனி எல்லாம் பகு எண்' என்பதும் அதே பிழையின் மறுபக்கமே. இனி இல்லை என்பதை எவரும் மெய்ப்பிக்கவில்லை. இன்னும் உண்டு என்பதையும் எவரும் மெய்ப்பிக்கவில்லை. பெர்மாவை நகைப்பவர், அவர் விழுந்த குழியிலேயே மறுகரையினின்று விழுதல் கூடாது. எடுத்துக்காட்டு வேறு, மெய்ப்பிப்பு வேறு. எடுத்துக்காட்டு வழியைக் காட்டும். மெய்ப்பிப்பே ஊர் கொண்டு சேர்க்கும்.

பெர்மா பேரறிஞர். அவர் விட்டுச் சென்ற கருவி மெய். அக்கருவியைக் கொண்டே அவர் கூற்றின் பொய் வெளிப்பட்டது. ஆசிரியரிடமிருந்து பெறத்தக்கது அவர்தம் கருவியே. அவர்தம் முடிவை அக்கருவியால் உரசிப் பார்த்த பின்னரே ஏற்றல் தகும். ஆய்லர் பெர்மாவை இகழவில்லை. அவர் எண்ணை எடுத்து வகுத்தார். ஆசிரியர்க்குச் செய்யும் உயர்ந்த மதிப்பு அதுவே.

அவையோர் இல்லம் சென்றதும் ஒரு தாளும் எழுதுகோலும் எடுக்க. 641-ஐயும் 6700417-ஐயும் பெருக்குக. ஐந்து மணித்துளிகள் போதும். பெர்மாவின் சொல்லை நம்ப வேண்டா. ஆய்லரின் சொல்லை நம்ப வேண்டா. இவ்வுரையையும் நம்ப வேண்டா. பெருக்கிப் பார்க்க!